கீரையும் மாத்திரையும்

காரட்டுக்கும் பரங்கிக்காய்க்கும் மஞ்சள் நிறந்தருவது பீட்டா கரோட்டீன் என்னும் பொருளாகும். முருங்கைக் கீரையிலும் அது மிகுதியாக உண்டு. இலையின் பசுமை அதனை மறைத்துவிடுகிறது. நம் உடல் அதனைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது; உண்டால்தான் இரத்தத்தில் சேரும். ஆகவே ஒரு பெண்மணி காய்கறிகளை விரும்பி உண்பவரா என்பதை அவர்தம் இரத்தமே ஒருவாறு காட்டிவிடும். வாய் மறைத்தாலும் இரத்தம் மறைப்பதில்லை!

அமெரிக்க நாட்டில் 1976-ஆம் ஆண்டு, 1,21,700 தாதியரைக் கொண்டு பேராய்வொன்று தொடங்கப்பெற்றது. 1989, 1990-ஆம் ஆண்டுகளில் அவர்களுள் ஏறத்தாழ 33,000 பேர் தம் இரத்தத்தை ஆய்வுக்கென அளித்தனர். அது உறைய வைத்துக் காக்கப்பட்டது. பின்னாளில் மார்பகப் புற்றுநோய் கண்டவர்களின் இரத்தத்தையும், அந்நோய் அணுகாதவர்களின் இரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டனர். ஏறத்தாழ 20 ஆண்டுக் காலக் கணக்கு 2015-இல் வெளிவந்தது. கரோட்டீன் மிகுந்திருந்தோரிடையே நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ, சற்று மேலோ குறைந்திருந்தது.

அங்ஙனமாயின் கரோட்டீனை மாத்திரையாக விழுங்கிவிடலாமே என நாம் நினைக்கக்கூடும். அதனையும் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலேயே 39,876 பெண்களைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 1999-இல் வெளியாயிற்று. மாத்திரையால் புற்றுநோய் குறையவில்லை. அதற்கு முன்னரே, 1994-இல், பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர்க்கு அதனைக் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரற் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்துவிட்டது. நன்மை நாடிச் செய்தது இவ்வாறு முடிந்தது.

காரணம் யாது? இரத்தத்திலுள்ள கரோட்டீன் ஓர் அடிச்சுவடு போன்றது. காய்கறி மிகுதியாக உண்போர் பெரும்பாலும் புகைப்பதில்லை. உடல் பருமனும் அவர்களிடம் குறைவு. பருமன் மிகுந்தால் இரத்தத்தில் கரோட்டீன் குறையும். மாதவிடாய் நின்ற பின்னர் உடற்கொழுப்பே ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பை உண்டாக்கி இந்நோய்க்கு இடமளிக்கிறது. ஆகவே நன்மை கரோட்டீனால் விளைந்ததா, உணவு முழுவதாலுமா, வாழும் முறையாலா எனப் பிரித்துக் கூறுதல் எளிதன்று. அடிச்சுவட்டை மட்டும் மண்ணில் பதித்துவிட்டால் ஆள் வந்துவிடுவானா?

நிற்க. நாள்தோறும் கீரை உண்ட பெண்ணுக்கும் இந்நோய் வருவதுண்டு. நோயுற்ற சகோதரியிடம், "நீ சரியாக உண்ணாததால் வந்தது" என்று கூறுவது கொடுமை, உண்மையுமன்று. இரத்தத்தில் கரோட்டீனை அளந்து இன்னார்க்கு நோய் வரும், இன்னார்க்கு வராது என உரைக்கவும் இயலாது. மார்பிலே கட்டி தென்பட்டால் அதனை ஆராயும் வழி வேறு. தொடக்கத்தில் அக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கவில்லையே என்றும், வெளியே சொல்ல நாணியும் மாதக்கணக்கில் மறைத்து வைக்கும் தாய்மார் நம் இல்லங்களிலும் உளர். அவர்கள் தம் மகளிடமேனும் சொல்லட்டும். மகள் அவ்வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும்.