உப்பளக் கரையில் மிதிவண்டிகள்

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனிக்கால விடியற்பொழுதில் பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். இருள் பிரியுமுன்னரே சிறு சிறு விளக்குகள் வரிசையாக நகர்ந்து வருகின்றன. அருகில் வந்ததும் அவை மிதிவண்டிகள் என்பது தெரிகிறது. தலைக்கவசம் அணிந்த ஆடவரும் பெண்டிரும், சிலவேளைகளில் தந்தையும் மகனுமாக, ஓசையின்றி நம்மைக் கடந்து செல்கின்றனர். அலுவலகத்திற்கோ சந்தைக்கோ செல்பவர்கள் அல்லர் இவர்கள். உடல் நலத்திற்காகவும் உள்ளக் களிப்பிற்காகவும் பல கல் தொலைவு மிதித்து வருபவர்கள்.

இந்தச் சாலையில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டரிலும், புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரிலும் உள்ளது மரக்காணம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளப் பாத்திகள் விரிந்து கிடக்கும் ஊர் இது. பொழுதுபோக்காக மிதிவண்டி ஓட்டுவோருக்கும், பிழைப்பிற்காக மிதிவண்டி ஓட்டுவோருக்கும் ஒரே சாலை இங்கே பொதுவாக அமைந்திருக்கிறது. ஆகவே இந்தப் புதிய பழக்கத்தின் நன்மையையும் அதற்குரிய நெறியையும் இவ்வூரை முன்னிறுத்தி ஆராய்வது நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறோம்.

பழம்பெரும் நெய்தல் நிலம்

மரக்காணம் நேற்றுத் தோன்றிய ஊரன்று. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தைக் குறிப்பிடுகிறது. அந்தப் பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. கடற்கரையில் விளைந்த உப்பை உமணர்கள் மாட்டு வண்டிகளில் ஏற்றிக் குடும்பத்தோடு உள்நாடுகளுக்குச் சென்று நெல்லுக்கு மாற்றி வந்ததைச் சங்க நூல்கள் கூறுகின்றன. வண்டியும் உப்பும் வழிப்பயணமும் இந்த மண்ணுக்குப் பழகியவை.

பின்னர் நீர்வழியும் வந்தது. 1806ஆம் ஆண்டில் சென்னையை ஒட்டித் தொடங்கிய கால்வாய்ப் பணி சிறிது சிறிதாக நீண்டு, ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை சென்றது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, பசித்தோருக்கு வேலையளிக்கும் பொருட்டு அதன் ஒரு பகுதி வெட்டப்பட்டது. அப்போது ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இதில் சென்றன. இன்று அந்தப் போக்குவரத்து இல்லை. சாலையே எல்லாவற்றையும் சுமக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலை திருத்தியமைக்கப்பட்டுச் சுங்கச் சாலையாக 2002இல் செயல்படத் தொடங்கிய பின்னர், மிதிவண்டி ஆர்வலர்களின் கண் இதன்மீது விழுந்தது. மேடு பள்ளம் மிகுதியில்லாத சமதரை, ஒருபுறம் கடல், வழியெங்கும் பனையும் சவுக்கும். மாமல்லபுரத்தைக் கடந்து, கல்பாக்கத்திற்குத் தெற்கே பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, கடப்பாக்கத்திற்கு அருகே இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையை எட்டிப் பார்த்துவிட்டு மரக்காணம் சேரலாம். 1750இல் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்ட கோட்டை அது. மரக்காணத்திற்குத் தெற்கே அனுமந்தை, கூனிமேடு, காலாப்பட்டு வழியாகப் புதுச்சேரி வந்துவிடுகிறது.

ஏன் பனிக்காலம்?

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. மிதிவண்டிப் பயணத்திற்கு இவற்றுள் முன்பனியும் மாசி மாதமுமே சிறந்தவை. சித்திரை, வைகாசியில் காலை 8 மணிக்கே வெயில் சுடத் தொடங்கிவிடும்; உடலின் வெப்பத்தைத் தணிக்கவே ஆற்றலெல்லாம் செலவாகும். தை மாதத்திலோ விடியற்காலை வெப்பம் ஏறத்தாழ 21 டிகிரியில் நிற்கிறது. நண்பகலிலும் 30 டிகிரியைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை.

கூதிர்ப் பருவத்தை மட்டும் எளிதாக எண்ணிவிடலாகாது. வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரைக்கு உரியவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2020 நவம்பரில் நிவர் புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டியே கரையேறின. வானிலை நிலையத்தின் எச்சரிக்கையைக் கேட்டு மீனவர் கடலுக்குச் செல்லாத நாளில், நாமும் சாலைக்குச் செல்லாதிருப்பதே அறிவுடைமை.

வாடையின் கணக்கு

பனிக்காலத்தில் இந்தக் கரையில் வடகிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் தமிழர் பெயரிட்டனர். மிதிவண்டி ஓட்டுபவர் இந்தப் பெயர்களைக் கால்களால் கற்றுக்கொள்கிறார்.

காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், 10 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் எதிர்க்காற்றில் அதே வேகத்தைக் காக்க முயன்றால், அவர் உடலைத் தாக்கும் காற்றின் வேகம் 30 ஆகிறது. தடையோ இரண்டே கால் மடங்காகிவிடுகிறது. அதே காற்று முதுகுப்புறம் வீசினால் தடை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சென்னையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் புதியவர் ஏமாறுவது இங்கேதான். வாடை பின்னின்று தள்ளுவதைத் தம் கால்களின் வலிமை என்றெண்ணி நெடுந்தூரம் வந்துவிடுகிறார். திரும்பும் போது, களைப்பும் வெயிலும் சேர்ந்த வேளையில், அந்தக் காற்றே சுவராக எதிரே நிற்கிறது. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் வந்து திரும்புவோருக்கு நல்வாய்ப்பு. புத்துணர்வுள்ள விடியலில் எதிர்க்காற்றைச் சமாளித்து, திரும்பும் வழியில் அதன் துணையைப் பெறுகின்றனர்.

குழுவாகச் செல்வதன் பயனும் காற்றில்தான் விளங்கும். முன்னால் செல்பவர் காற்றைப் பிளந்து கொடுக்க, பின்னால் வருபவரின் உழைப்பு வெகுவாகக் குறைகிறது. முறை வைத்து முன்னே சென்றால் யாருக்கும் மிகைச்சுமை இல்லை. நால்வர் உள்ள குடும்பத்தில் வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொள்வதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமோ?

போட்டியில்லாத பயணம்

இத்தகைய பயணங்களுக்கு உலகளாவிய மரபொன்றும் உண்டு. பாரிசு நகரின் ஆடாக்ஸ் சங்கம் வகுத்த விதிகளின்படி, 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திற்குள்ளும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்திற்குள்ளும் முடிக்க வேண்டும். முதல்வர், இரண்டாமவர் என்ற வரிசை இல்லை. நேரத்திற்குள் வந்து சேர்ந்தோர் அனைவரும் ஒரே நிலையினர். வழியில் வேண்டியவற்றைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். 1891இல் தோன்றிய பாரிசு–பிரெஸ்து–பாரிசு பயணம் 1,200 கிலோமீட்டர் கொண்டது; இன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. நம் நாட்டினரும் அதில் கலந்து கொண்டுள்ளனர். சென்னைக் குழுக்களும் இம்முறையைப் பின்பற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீள்பயணங்களை நடத்தி வருகின்றன.

நம் நாட்டு நிலையை நோக்கினால் இதன் தேவை விளங்கும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்பது உலக நல அமைப்பின் பரிந்துரை. நாளொன்றுக்கு அரை மணி வீதம் வாரத்தில் ஐந்து நாள் மிதித்தாலே இதன் கீழெல்லை நிறைவேறிவிடும். முழங்கால் வலியுள்ளோருக்கு ஓட்டத்தைவிட மிதிவண்டி இதமானது. உடலின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது அன்றோ! இதய நோயுள்ளோரும் முதியோரும் மருத்துவரைக் கலந்துகொண்டே தொடங்க வேண்டும்.

அதே சாலையில் மற்றொருவர்

இனி நாம் சொல்ல விரும்பும் முதன்மையான செய்திக்கு வருகிறோம்.

உப்பு விளைவிக்க வெயில் வேண்டும். கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கு உப்பே உள்ளது. பாத்தி பாத்தியாக மாற்றி வற்றவைத்தால்தான் படிகம் இறங்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழைநீர் தேங்கி, பாத்தியும் வரப்பும் சிதைந்து கிடக்கும். அந்நாட்களில் உப்பளத் தொழிலாளர்களுக்கு அங்கே வேலையில்லை. மழைக்காலத்தில் அவர்தம் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. தை பிறந்த பிறகே நீரை வடித்து, சேற்றைக் காலால் மிதித்துத் தரையை இறுக்கி, வரப்புக் கட்டும் பணி தொடங்கும். பயணிக்கு இன்பமான பருவம் தொழிலாளிக்குப் பற்றாக்குறைக் காலம். இதை நினைவில் கொண்டு இந்தச் சாலையில் செல்வது நன்று.

அந்தத் தொழிலாளியும் மிதிவண்டியில்தான் வேலைக்குச் செல்கிறார். கைப்பிடியில் சோற்றுத் தூக்கு, பின்னிருக்கையில் கருவி. அவர் வண்டியில் பெரும்பாலும் விளக்கில்லை. சிவப்பு ஒளிவில்லையும் உடைந்திருக்கும். நகரத்திலிருந்து வருபவருக்கு ஒளிரும் ஆடையும் மின்விளக்கும் உண்டு. இருவரையும் ஒரே கார் ஒரே வேகத்தில் உரசிச் செல்கிறது. தேசிய நெடுஞ்சாலை 332ஏ என்ற பெயரில் மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி நோக்கிச் செல்லும் இந்தச் சாலை இப்போது நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்டு வருகிறது. சாலை அகலும்போது ஊர்தியின் வேகமும் கூடும். அப்போது ஓரத்தில் செல்பவருக்கு இடம் எங்கே என்ற கேள்வியை இன்றே எழுப்ப வேண்டும். விடுமுறைப் பயணி கேட்டால் அது பொழுதுபோக்கினரின் கோரிக்கை என்று ஒதுக்கப்படலாம். உப்பளத் தொழிலாளி, மீன் விற்கும் பெண், பள்ளிச் சிறுமி ஆகியோருக்காகவும் சேர்த்துக் கேட்டால் அதன் வலிமையே வேறு.

பள்ளிச் சிறுமி என்றோம். மிதிவண்டி தமிழ்ப் பெண்களுக்கு என்ன செய்தது என்பதை நாடறியும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். யாருடைய துணைக்கும் காத்திராமல் தண்ணீருக்கும் சந்தைக்கும் சென்று வரலாயினர். பிறகு 2001–02ஆம் ஆண்டில் தமிழக அரசு, ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, காலப்போக்கில் பிற மாணவ மாணவியருக்கும் அதை விரிவாக்கியது. மரக்காணத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகள் அந்த வண்டியில்தான் இந்தச் சாலையைக் கடக்கின்றனர்.

செல்வோருக்குச் சில குறிப்புகள்

மரக்காணம் செல்ல விரும்பும் குடும்பத்தினர் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம்.

விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. இருக்கையின் உயரம் சரியாக இருத்தல் முதன்மையானது. மிதி கீழே வரும்போது முழங்கால் சிறிதே வளைந்திருக்க வேண்டும். காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள் ஆகியவை கைவசம் இருக்கட்டும்.

தை மாதத்தில் பொழுது புலர ஆறரை மணி ஆகும். அதற்கு முன் புறப்படுவோர் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இன்றிச் செல்லலாகாது. தலைக்கவசம் அனைவருக்கும் கட்டாயம் என்று வீட்டிலேயே விதி செய்துகொள்ளுங்கள். சிறுவர்களை நெடுஞ்சாலைக்கு அழைத்துச் செல்லாமல், முதலில் ஊர்ப்புறச் சாலைகளில் பழக்குங்கள்.

குளிரில் தாகம் தெரியாது. ஆயினும் மணிக்கு அரை லிட்டர் நீராவது அருந்துவது நல்லது. இட்டிலியும் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதிய உணவு. வழியோரக் கடையில் மோர் வாங்கிக் குடித்தால், வியர்வையில் இழந்த உப்பும் திரும்பும். கடைக்காரருக்கும் நான்கு காசு கிடைக்கும்.

உப்புக் காற்று இரும்பை அரிக்கும். வீடு திரும்பியதும் நல்ல நீர் நனைத்த துணியால் வண்டியைத் துடைத்து, உலர்த்தி, சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும்.

உப்பள வரப்பின்மீது வண்டியை ஏற்றாதீர்கள். மண்ணால் அணைத்த அந்த வரப்பு ஒருவரின் பல நாள் உழைப்பு. படமெடுக்குமுன் அங்கே பணிபுரிவோரின் இசைவைக் கேளுங்கள். அருகிலுள்ள கழுவேலி ஈரநிலம் 2021இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 5,100 எக்டேருக்கு மேல் பரப்புடையது. பூநாரையும் கூழைக்கடாவும் உள்ளானும் தங்கும் இடத்தில் உரத்த பாட்டும் கூச்சலும் வேண்டா.

ஒரே ஓரம்

மிதிவண்டி எளியோர் ஊர்தி என்று ஒதுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. கையில் சிறிது பணம் சேர்ந்ததும் முதலில் விற்கப்பட்டது அதுவே. இன்று வசதி படைத்தோர் அதை மீண்டும் நாடி வருகின்றனர். இது நல்ல மாற்றம். ஆயினும், மிதிவண்டியைக் கைவிட இயலாமல் எந்நாளும் அதையே நம்பி வாழ்ந்தவர்களை அவர்கள் இந்தச் சாலையில் சந்திக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

சந்திக்கும்போது மணியடித்து ஒதுங்கச் சொல்லாமல், ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கள். விளக்கில்லாத வண்டிக்கு ஒளிவில்லை ஒன்றை வாங்கி மாட்டிக் கொடுங்கள். அதன் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு மேல் இராது. நம் ஊர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் மிதிவண்டிக்கும் நடைப்பயணிக்கும் தனி ஓரம் வேண்டும் என்று ஊராட்சியிலும் சட்டமன்ற உறுப்பினரிடமும் விண்ணப்பம் கொடுங்கள். வரும் தை மாதத்தில் இந்தக் கரைக்கு வரும் நம் வாசகர்கள், களைப்பு நீங்கிய உடலோடு ஒரு பை மரக்காணத்து உப்பையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பட்டும்.