ராஜராஜனுக்கு 985 கிடைத்தது எப்படி?

பாடநூல்களின் காலக்கோட்டில் ‘கி.பி. 985: முதலாம் ராஜராஜன் அரியணை ஏறினான்’ என்ற வரியைப் படித்திருப்போம். அவன் கல்வெட்டு எதிலும் இந்த 985 கிடையாது. கோயில் சுவரில் இருப்பது ‘ராஜராஜதேவர்க்கு யாண்டு 7ஆவது’ என்ற மாதிரியான வாசகம்தான். பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணிய ஆட்சியாண்டு அது. கூடவே சக ஆண்டையும் எழுதியிருந்தால் வேலை சுலபம். சோழ நாட்டில் அப்படி எழுதியது அபூர்வம். வெறும் ஏழிலிருந்து 985க்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்?

கைகொடுத்தது கல்வெட்டு எழுதியவர்களின் ஒரு வழக்கம். தானம் கொடுத்த நாளைப் பல இடங்களில் பஞ்சாங்க விவரங்களோடு பொறித்தார்கள்: மகர நாயற்றுப் பூர்வபட்சத்துத் திரயோதசியும் புதன்கிழமையும் பெற்ற திருவாதிரை நாள் என்பது போல. அதாவது தை மாதம், வளர்பிறை, 13ஆம் திதி. தைப் பௌர்ணமி பூசத்தை ஒட்டி வருவதால் அதற்கு இரண்டு நாள் முன்பு திருவாதிரை வருவது பொருத்தம்தான். இப்படி ஒரு விவரம் இன்னொன்றைச் சரிபார்க்கும். பொறித்தவர் தவறியிருந்தாலும் படியெடுத்தவர் பிசகியிருந்தாலும் பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் இதே சேர்க்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பவும் வரும். அதனால் ஒற்றைக் கல்வெட்டை வைத்துக்கொண்டு எதையும் அறுதியிட முடியாது. ஒரே அரசனின் வெவ்வேறு ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொருந்தக்கூடிய நாள்களைக் கணக்கிட்டு, எல்லாவற்றோடும் ஒத்துப்போகிற தொடக்கம் எது என்று தேட வேண்டும்.

கிரகணம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வேலூர்ப் பக்கம் திருவல்லத்தில் ராஜராஜனின் 7ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஐப்பசி விஷு (ஐப்பசி பிறக்கும் நாள்), பௌர்ணமி, ரேவதி, அன்று சந்திர கிரகணம் என்கிறது அது. ஜெர்மானிய சமஸ்கிருத அறிஞர் ஃபிரான்ஸ் கீல்ஹார்ன் கணக்குப் போட்டுச் சொன்ன நாள் 991 செப்டம்பர் 26. இப்போது ஐப்பசி அக்டோபர் 18 வாக்கில்தானே பிறக்கிறது என்று கேட்கலாம். வரலாற்று நூல்கள் அக்காலத் தேதிகளைப் பழைய ஜூலியன் நாட்காட்டியில் தருகின்றன. இன்றைய கணக்கில் அது அக்டோபர் 1. மீதி 17 நாள், நம் சூரிய ஆண்டு சற்றே நீளமானதால் ஏறக்குறைய 60 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போனது.

அந்த நாள் 7ஆம் ஆட்சியாண்டுக்குள் வருகிறதென்றால், பட்டமேற்பு 984 செப்டம்பர் கடைசிக்கும் 985 செப்டம்பர் 26க்கும் இடையில் நடந்திருக்க வேண்டும். ஒரு கல்வெட்டு தந்தது ஓராண்டு இடைவெளி. மற்றக் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டின் எண் எந்த நாளுக்குப் பிறகு ஒன்று கூடுகிறது என்று பார்த்துப் பார்த்து அந்த இடைவெளியைக் கீல்ஹார்ன் நெருக்கிக்கொண்டே போனார். 985 ஜூன் 25 முதல் ஜூலை 25 வரை என்று ஒரே மாதமாக அது சுருங்கியது.

அதன் பலனைத் தஞ்சையில் பார்க்கலாம். பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடத்தை ராஜராஜன் கொடுத்தது 25ஆம் ஆண்டின் 275ஆம் நாள் என்று கல்வெட்டு சொல்கிறது. 25ஆம் ஆண்டு 1009இல் ஜூன் கடைசிக்கும் ஜூலை கடைசிக்கும் இடையே தொடங்கியது. அங்கிருந்து 275 நாள் எண்ணினால் 1010 மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் நடுவே வந்து நிற்கிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு காரியத்தை இவ்வளவு நெருங்க முடிகிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

இந்த உழைப்பில் இறங்காமல் ஆட்சியாண்டுகளைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். முதலாம் ராஜேந்திரனுக்கு 33ஆம் ஆண்டு வரையும் மகன் ராஜாதிராஜனுக்கு 36ஆம் ஆண்டு வரையும் கல்வெட்டுகள் உண்டு. கூட்டினால் 69. ஆனால் ராஜேந்திரன் தந்தை இருக்கும்போதே 1012இல் இளவரசுப் பட்டம் ஏற்றவன். ராஜாதிராஜனும் அப்படியே 1018இல் ஏற்றான். இருவரும் அன்றிலிருந்தே ஆண்டை எண்ணினார்கள். உண்மையில் இருவர் காலமும் சேர்ந்து 1012 முதல் 1054 வரை 42 ஆண்டுதான்.

திதியையும் நட்சத்திரத்தையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும் பாட்டிலிருந்து ஆய்வாளர்களை விடுவித்தவர் நம்மவர், எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை. 700 முதல் 1799 வரை 1,100 ஆண்டுகளுக்கான அவருடைய ‘இந்தியன் எஃபிமெரிஸ்’ 1922இல் சென்னை அரசு அச்சகத்தில் பல தொகுதிகளாக வந்தது. கணிப்பொறி இல்லாத காலத்து வேலை. சென்னைச் சட்டசபைத் தலைவராக இருந்தவர் என்பதை விட இந்த நூலுக்காக அவரை நாம் கொண்டாட வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் இப்படிப்பட்ட பஞ்சாங்கக் குறிப்புகள் கிடைப்பதில்லை. அசோகரின் காலத்தைக் கணிக்கத் துணை நின்றவர்கள் அயல்நாட்டு அரசர்கள். அவருடைய 13ஆம் பாறைக் கல்வெட்டு சிரியாவின் அந்தியோகஸ், எகிப்தின் தாலமி, மாசிடோனியாவின் அந்திகோனஸ், சைரீனின் மகஸ், இன்னொரு அலெக்சாண்டர் என ஐந்து கிரேக்க மன்னர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்கள் காலம் கிரேக்க வரலாற்றில் ஏற்கெனவே கணிக்கப்பட்டது. ஐவரும் உயிரோடிருந்த சில ஆண்டுகளுக்குள் அந்தக் கல்வெட்டுச் செய்தி அடங்கியாக வேண்டும். கலிங்கப் போர், முடிசூட்டு என்று மற்ற ஆண்டுகளெல்லாம் அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணியவை. பாடநூலிலோ ராஜராஜனின் 985ம் அசோகர் முடிசூடிய கி.மு. 268ம் ஒரே உறுதியோடு அச்சாகின்றன. காலக்கோடு தொகுப்பவர்கள் ஆண்டுக்குப் பக்கத்தில் அதன் ஆதாரத்தையும், எவ்வளவு முன்பின் ஆகலாம் என்பதையும் சேர்த்தே போட வேண்டும். இதற்கு இடம் போதாது என்று சொல்ல முடியாது. இரண்டு சொல் போதும்.

பிற்காலப் பாண்டியர் பகுதிக்கு இது இன்னும் அவசியம். அங்கே ஒரே பெயரில் பல சுந்தர பாண்டியர்கள், பல குலசேகரர்கள். ஒரே காலத்தில் வெவ்வேறு ஊர்களில் இருந்து ஆண்டவர்களும் உண்டு. 1977இல் சோழர் காலக்கணிப்பை நூலாக வெளியிட்ட கும்பகோணம் ந. சேதுராமன், பிறகு பாண்டியர் பக்கம் திரும்பி, திதியையும் நட்சத்திரத்தையும் வைத்தே அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவராகப் பிரித்தெடுத்தார்.