ரெண்டு கூரை சேர்ற இடம்: ஜாயின் பட்டன் ஏன் சில சமயம் அடம் பிடிக்குது?

இன்னைக்கு எபிசோட் கூரையைப் பத்தி. நான் கட்டடக்கலை படிச்சவன் இல்ல, கோட் எழுதுறவன். ஆனா ரெவிட் மாதிரி கட்டட மாடலிங் மென்பொருள்ல ரெண்டு கூரையை ஒண்ணா சேர்க்கிற வேலை, நம்ம துறை ஆளுங்களுக்கும் ரொம்பப் பிடிக்கிற ஒரு ஜியோமெட்ரி கணக்கு. நிறைய பேர் சிக்கிக்கிற இடமும் அதுதான்.

ஒரு வீட்டை மனசுல வெச்சுக்கோங்க. நடுவுல 8 மீட்டர் அகலத்துல பெரிய பகுதி. அதோட பக்கத்துச் சுவர்ல இருந்து செங்குத்தா வெளிய நீட்டிக்கிட்டு 6 மீட்டர் அகலத்துல ஒரு சின்னப் பகுதி. மேல இருந்து பார்த்தா ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் ரெண்டு பக்கம் சரியுற கூரை, சரிவு 30 டிகிரி. கணக்கு சுலபமா இருக்கட்டும்னு, சுவருக்கு வெளிய நீட்டுற விளிம்பை விட்டுடுவோம்.

பெரிய கூரையோட முகடு எவ்வளவு உயரம்? அகலத்துல பாதி 4 மீட்டர், அதை டான் 30 ஆல பெருக்கினா 2.31 மீட்டர். சின்னக் கூரைக்குப் பாதி 3 மீட்டர், அதனால முகடு 1.73 மீட்டர். ரெண்டும் கூரையோட கீழ் விளிம்புல இருந்து எடுத்த உயரம்.

இப்போ சின்னக் கூரையோட முகட்டை அப்படியே மட்டமா உள்ளே நீட்டுங்க. பெரிய கூரையோட சரிவுல எங்கேயோ போய் முட்டும். சரிவு சமமா இருக்கிறதால, கீழ் விளிம்புல இருந்து சரியா 3 மீட்டர் உள்ளே. அங்கிருந்து ரெண்டு பக்கமும் இறங்குற கோடுதான் ரெண்டு கூரையும் சேர்ற பள்ளம். இங்கிலீஷ்ல இதை 'வேலி'ன்னு சொல்வாங்க. நம்ம முள்வேலி இல்ல, பள்ளத்தாக்கு. நாம பள்ளக்கோடுன்னே வெச்சுக்கலாம்.

இன்னைக்குச் சொல்ல வர்ற விஷயமே இதுதான். அந்தப் பள்ளக்கோட்டை யாரும் வரையுறது இல்ல. சரிவு, அகலம், கீழ் விளிம்போட உயரம், இந்த மூணையும் முடிவு பண்ணிட்டா கோடு தானா விழும். ஜாயின் பட்டன் கோட்டைக் கண்டுபிடிக்கிற வேலையை மட்டும்தான் செய்யுது.

ரெவிட்ல மாடிஃபை டேப்ல 'ஜாயின்/அன்ஜாயின் ரூஃப்'னு ஒரு டூல் இருக்கு. முதல்ல சின்னக் கூரையோட உள்பக்க விளிம்பைத் தொடணும். அப்புறம் பெரிய கூரையில அது போய் முட்ட வேண்டிய சரிவைத் தொடணும். சின்னக் கூரை நீண்டு போய் ஒட்டிக்கும். பக்கத்துலயே 'ஜாயின் ஜியோமெட்ரி'ன்னு இன்னொண்ணு இருக்கு. அது ஏற்கெனவே தொட்டுக்கிட்டு இருக்கிற ரெண்டு பொருளோட இணைப்பைச் சுத்தம் பண்ணும், எதையும் நீட்டாது. பேரு ஒரே மாதிரி இருக்கிறதால நிறைய பேர் இதை அமுக்கிட்டு 'ஒண்ணுமே நடக்கலையே'ன்னு உக்காந்திருப்பாங்க.

சரி, சரியான டூலை எடுத்தும் எரர் வருதுன்னா? நம்ம வீட்டையே எடுத்துக்குவோம். சின்னப் பகுதிக்கு உயரம் கூடுதலா வேணும்னு, அதோட கீழ் விளிம்பை மட்டும் 60 சென்டிமீட்டர் தூக்குறீங்க. இப்போ சின்ன முகடு 2.33 மீட்டர். பெரிய முகடு 2.31. வித்தியாசம் வெறும் 2 சென்டிமீட்டர், ஸ்க்ரீன்ல பார்த்தா கண்ணுக்கே தெரியாது. ஆனா சின்ன முகட்டை எவ்வளவு தூரம் நீட்டினாலும் அது பெரிய கூரைக்கு மேலேயே போயிடும். முட்டுறதுக்கு எதிர்ல ஒண்ணும் இல்ல. சின்னக் கூரையோட சரிவை 45 டிகிரி ஆக்கினாலும் இதே கதை, முகடு 3 மீட்டருக்குப் போயிடும்.

அதனால எரர் வந்தா பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்காதீங்க. பக்கவாட்டுத் தோற்றத்தைத் திறந்து ரெண்டு முகட்டோட உயரத்தையும் அளந்து பாருங்க.

இதுக்கு அழகான ஒரு கணிதமும் இருக்கு. வீட்டோட பிளானை ஒரு பலகோணமா நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு பக்கமும் ஒரே வேகத்துல உள்ளே நகருது. அப்போ ஒவ்வொரு மூலையும் நகர்ந்து ஒரு கோடு இழுத்துக்கிட்டே போகும். உள்பக்கம் மடங்கின மூலை இழுக்கிறது பள்ளக்கோடு, வெளிப்பக்க மூலை இழுக்கிறது மேட்டுக்கோடு. 1995-ல ஐக்ஹோல்சர், ஆரன்ஹாமர் உட்பட நாலு பேர் எழுதின கட்டுரையில இதுக்கு 'ஸ்ட்ரெய்ட் ஸ்கெலட்டன்'னு பேர் வெச்சாங்க. எல்லாப் பக்கமும் ஒரே சரிவுல இறங்குற கூரையை மேல இருந்து பார்த்தா தெரியுற கோடுகள் இதேதான். ஒரு பக்கத்தோட சரிவு அதிகம்னா அது மெதுவா நகரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நடைமுறையில இதுல இருந்து ஒரு பாடம் எடுத்துக்கலாம். கீழ் விளிம்பு எல்லாம் ஒரே உயரம்னா, ரெண்டு கூரையா வரைஞ்சு ஜாயின் பண்ணவே வேண்டாம். 'டி' வடிவத்தை ஒரே ஸ்கெட்சா வரைங்க, பள்ளக்கோடு தானா வந்துடும். விளிம்போட உயரம் மாறும்போது மட்டும் தனிக் கூரையும் ஜாயினும் போதும்.

ஜாயின் ஆயிடுச்சுன்னா வேலை முடிஞ்சதா? இல்ல. சின்னக் கூரைக்கு அடியில பெரிய கூரை இன்னும் வெட்டுப்படாம அப்படியே ஓடிக்கிட்டு இருக்கும். வெளிய இருந்து பார்த்தா தெரியாது. நடுவுல செக்‌ஷன் எடுத்துப் பார்த்தாதான் அறைக்குள்ள ஒரு சரிவு நீட்டிக்கிட்டு நிக்கிறது தெரியும். 'டார்மர் ஓப்பனிங்' மாதிரி ஒரு டூலால அதை வெட்டி எடுக்கணும். ஆரம்பத்துல பார்த்த 60 சென்டிமீட்டர் தூக்காத வீட்டுல, அந்த மறைஞ்ச முக்கோணம் பிளான்ல 9 சதுர மீட்டர், சரிவுல அளந்தா 10.4 சதுர மீட்டர். வெட்டாம விட்டா மென்பொருள் தர்ற பரப்பளவுப் பட்டியல்ல அதுவும் சேர்ந்து வரும். இல்லாத கூரைக்கு ஓடு வாங்கிட்டு வந்து நிக்கணும்.

கடைசியா, ஸ்க்ரீன் சொல்லாத ஒரு விஷயம். ரெண்டு பக்கமும் 30 டிகிரி சரிவு இருந்தாலும் பள்ளக்கோட்டோட சரிவு 30 இல்ல, சுமார் 22 டிகிரிதான். ஏன்னா அதே உயரத்தை அது மூலைவிட்டமா, கூடுதல் தூரம் போய் இறங்குது. ரெண்டு கூரையோட தண்ணியும் சேர்ற இடத்துலதான் சரிவு குறைவு. அதுல இலை தழையும் வந்து அடைச்சுக்கும். நம்ம ஊர் ஓட்டு வீடுகள்ல அந்தப் பள்ளத்துல தகரம் போட்டிருப்பாங்க. தகரம் துருப்பிடிச்சா மழைக்காலத்துல பாத்திரம் வைக்கிற இடமும் அதுக்கு நேர் கீழதான்.

மென்பொருளுக்கு ரெண்டு தளம் வெட்டிக்கிற ஒரு கோடு கிடைச்சா போதும், அது திருப்தி ஆயிடும். அந்தக் கோட்டுல தண்ணி எந்தப் பக்கம் ஓடும், எங்க போய் விழும்னு யோசிக்கிறது நம்ம வேலை. கூரை ஜாயின் ஆனதும் ஃபைலை மூடாம, ஒரு செக்‌ஷன் எடுத்துப் பாருங்க. அந்தப் பள்ளத்துல ஒரு சொட்டுத் தண்ணி விட்டா எங்க போகும்னு மனசுக்குள்ளயே ஓட்டிப் பாருங்க.