மலையிலிருந்து மலைக்கு ஒரு வடம்

கம்போங் ராஜாவுக்கு மேலே ஏதாவது ஒரு தேயிலைச் சரிவில் நின்றால் எதிர்மலை மிக அருகில் தெரியும். அங்கே நடமாடும் ஆளைக்கூடப் பார்த்துவிடலாம். அந்த ஆளிடம் போய்ச் சேர வேண்டுமானால் அடிவாரம் வரை இறங்கி, ஓடையைக் கடந்து, வளைந்து வளைந்து மறுபடி ஏற வேண்டும். சிம்பாங் பூலாயிலிருந்து வரும் 185ஆம் எண் சாலையும், தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வழியாக ஏறிவரும் 59ஆம் எண் சாலையும் இந்த ஊரருகேதான் சந்திக்கின்றன. பள்ளி விடுமுறையில் அந்தச் சாலைகளில் வண்டிகள் எப்படி ஊர்கின்றன என்று கேமரன் மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பறவைக்குப் பக்கம், வண்டிக்குத் தூரம். மலையில் வாழ்பவர்கள் உலகெங்கும் படும் பாடு இது.

கலிபோர்னியாவின் டாஹோ ஏரிப் பக்கம் இதே பாட்டைப் பனிமலைகளில் பட்டார்கள். அங்கே பனிச்சறுக்குக்குப் பேர்போன இரண்டு மலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று, 1960ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் நடந்த இடம். மற்றது ஆல்பைன் மெடோஸ். 2011இல் இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தும், ஒன்றிலிருந்து மற்றதற்குச் சாலை வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டியிருந்தது. இடையில் இருந்தது தனியார் நிலம். 2022 டிசம்பரில் இரண்டு அடிவாரங்களையும் இணைக்கும் கேபிள் கார் ஓடத் தொடங்கியது. நீளம் ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர், எட்டுப் பேர் அமரும் பெட்டிகள் 96, பயண நேரம் 16 நிமிடம். அதே பருவத்தில் அங்கிருந்த ரெட் டாக் என்னும் பழைய மூவர் நாற்காலிப் பாதையைக் கழற்றிவிட்டு, அறுவர் அமரும் விரைவு நாற்காலிகளைப் போட்டார்கள். மலைகளை இணைத்தால் கூட்டம் இடம் மாறும். மாறிய கூட்டத்தைப் பழைய நாற்காலிகள் தாங்கமாட்டா.

பனியே பெய்யாத பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். பனிமலை நாற்காலியின் பூர்வீகமே வெயில் தேசத்துத் துறைமுகம்தான்.

1936இல் அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற பனிச்சறுக்குத் தலத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. மலையேறும் சிரமம் இல்லாமல் ஆட்களை உச்சிக்குக் கொண்டுபோக ஒரு வழி தேவைப்பட்டது. நிறுவனத்தின் பொறியாளர் ஜிம் கரன், வெப்பமண்டலத் துறைமுகங்களில் வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலுக்கு ஏற்றும் கம்பிவடக் கருவியை அறிந்தவர். தார் தொங்கும் கொக்கியில் நாற்காலியை மாட்டினால் என்ன என்று அவர் கேட்டார். ஓமஹா நகரத்து ரயில் பணிமனையில் ஒரு லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி, நிற்கிற ஆளைப் பின்னாலிருந்து வந்து அள்ளிக்கொள்ள எந்த வேகம் ஏற்றது என்று சோதித்தார்கள். கோடைக்காலம், பனி கிடையாது. வைக்கோலைப் பரப்பி அதன்மேல் நின்றார்கள், சக்கரக் காலணியும் மாட்டிப் பார்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உலகின் முதல் பனிச்சறுக்கு நாற்காலிகள் சன் வேலியில் ஏறின. நாற்காலிக்கு ஓர் ஆள்.

தேயிலைக்கும் இந்த வடத்தோடு பழைய உறவு உண்டு. இலங்கையின் அப்புத்தளைப் பக்கம் தாமஸ் லிப்டனின் தோட்டங்களில் கொழுந்து மூட்டைகள் சரிவிலிருந்து தொழிற்சாலைக்குக் கம்பியில் இறங்கின. மூணாற்றில் இன்னும் பெரிய ஏற்பாடு. குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவரும். அங்கிருந்து வானில் தொங்கும் கம்பிவடம் அவற்றைக் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் கீழே, தமிழகப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறக்கும். பிறகு மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. இன்று மூணாறு பார்க்கப் போகிறவர்கள் சொல்லும் டாப் ஸ்டேஷன் என்ற பெயர், அந்தச் சரக்குப் பாதையின் மேல்முனைக்கு இடப்பட்டதுதான். தோட்டத்து மூட்டைகளை வடத்தில் ஏற்றி இறக்கிய தொழிலாளிகளின் பெயரைக் கருவி வரலாறுகள் எழுதி வைக்கவில்லை. பனிமலைப் பயணிகளுக்கு முன்பே வடத்தின் போக்கை அறிந்திருந்தவர்கள் அவர்கள்.

சரி, நாற்காலியைப் புதுப்பிப்பது என்றால் எதை மாற்றுகிறார்கள்? வடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். எஃகுப் புரிகளை ஓர் உள்ளீட்டைச் சுற்றி முறுக்கிய கயிறு. இரண்டு முனைகளிலும் பெரிய கப்பி, நடுவே தூண்களின் மேல் சிறு உருளைகள், முடிவில்லாமல் சுற்றிவரும் வளையம். வளையம் என்றால் எங்கோ ஓர் இடத்தில் இணைப்பு இருக்க வேண்டும் அல்லவா? முடிச்சுப் போட்டால் உருளையில் மாட்டிக்கொள்ளும். ஆகவே இரு முனைகளின் புரிகளையும் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து, கயிற்றின் தடிமன் மாறாமல் பின்னுகிறார்கள். அந்தப் பின்னலின் நீளம் கயிற்றின் விட்டத்தைப்போல் சுமார் 1,200 மடங்கு. ஐந்து சென்டிமீட்டர் வடத்துக்கு அறுபது மீட்டர் பின்னல்! தேர்ந்த கைகள் செய்யும் வேலை இது.

மாறுவது பிடி. பழைய பாதைகளில் நாற்காலியை வடத்தோடு இறுக்கிப் பூட்டிவிடுவார்கள். வடம் எந்த வேகத்தில் ஓடுகிறதோ அதே வேகத்தில்தான் ஆளும் ஏற வேண்டும், இறங்க வேண்டும். அதனால் விநாடிக்கு இரண்டு, இரண்டரை மீட்டருக்கு மேல் ஓட்ட முடியாது. யாராவது தடுமாறினால் முழுப் பாதையும் நிற்கும். பழனியில் 2004இல் ஓடத் தொடங்கிய ரோப்காரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெட்டிகள் நிலையத்தில் நிற்கும்போது மலைச்சரிவில் தொங்குகிறவர்களும் நின்றுதான் ஆக வேண்டும்.

புதிய பிடிக்கு அவிழ்ந்து பூட்டத் தெரியும். வலுவான சுருள்வில் அதை வடத்தோடு கவ்வ வைக்கிறது. பெட்டி நிலையத்துக்குள் நுழைந்ததும் ஒரு தண்டவாளம் பிடியின் நெம்புகோலை அழுத்தும், வாய் திறக்கும், பெட்டி வடத்தை விட்டுவிடும். வரிசையாகச் சுழலும் டயர்கள் அதை நடை வேகத்துக்கும் கீழே இறக்குகின்றன. வெளியே வடம் விநாடிக்கு ஐந்து, ஆறு மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டே இருக்கும். பாட்டியும் பேரனும் நிதானமாக ஏறி உட்கார்ந்த பிறகு டயர்கள் மறுபடி வேகம் கூட்டி, வடத்தின் வேகத்தை எட்டியதும் பிடி கவ்வும். கவ்விய வலு போதுமா என்று அங்கேயே கருவி அளந்து பார்க்கிறது. போதாவிட்டால் பாதை நின்றுவிடும். இந்த முறையில் நால்வர் நாற்காலி முதன்முதலாக 1981இல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் ஓடியது.

இங்கே பலரும் தவறவிடும் கணக்கு ஒன்று இருக்கிறது. வேகம் இரட்டிப்பானால் ஏற்றும் ஆட்களும் இரட்டிப்பாகும் என்று தோன்றும். ஆகாது. ஆறு விநாடிக்கு ஒரு நால்வர் நாற்காலி வந்தால் மணிக்கு 2,400 பேர். வடம் மெதுவாக ஓடினாலும் விரைந்து ஓடினாலும் அதே 2,400தான். மெதுவான வடத்தில் நாற்காலிகள் நெருங்கித் தொங்கும், விரைவான வடத்தில் தள்ளித் தொங்கும், அவ்வளவே. விரைவுப் பிடி குறைப்பது காற்றிலும் குளிரிலும் தொங்கும் நேரத்தை. கூட்டம் கரைய வேண்டுமானால் பெட்டியைப் பெரிதாக்க வேண்டும், அல்லது இடைவெளியைக் குறைக்க வேண்டும். பத்துப் பேர் அமரும் பெட்டி பத்து விநாடிக்கு ஒன்று வந்தால் மணிக்கு 3,600.

பகாங் மாநிலத்திலேயே இந்த மாற்றத்தின் படிகளைப் பார்க்கலாம். கெந்திங் மலையில் 1970களிலேயே கேபிள் கார் ஓடியது. 1997இல் கோத்தோங் ஜெயாவிலிருந்து உச்சிக்கு 3.38 கிலோமீட்டர் நீளத்தில் கெந்திங் ஸ்கைவே வந்தது. 2016 டிசம்பரில் பத்துப் பேர் பெட்டிகளோடு அவானா ஸ்கைவே திறந்தது. இந்த மூன்றாவது பாதையில் பாராட்டத்தக்கது நீளமோ வேகமோ அல்ல, சின் சுவீ கோயிலில் அமைத்த நடுநிலையம். பெட்டி வடத்தை விட்டுப் பிரிய முடிவதால்தான் பாதி வழியில் இறங்கவும், கும்பிட்டுவிட்டு வேறு பெட்டியில் ஏறவும் முடிகிறது. இணைப்பு என்பதன் முழுப் பயன் இதில்தான் இருக்கிறது. இரண்டு முனைகளை மட்டும் சேர்க்கும் வடம் இடையில் இருப்பவர்களின் தலைக்கு மேலே போய்விடும்.

பள்ளத்தாக்கு மிக அகலமானால் ஒற்றை வடம் போதாது. கனடாவின் விஸ்லர், பிளாக்கூம் மலைகளை 2008இல் இணைத்தபோது, அசையாமல் நிற்கும் இரண்டு வடங்களைத் தண்டவாளமாக்கி, மூன்றாவது வடத்தால் பெட்டிகளை இழுத்தார்கள். 4.4 கிலோமீட்டர்ப் பாதையில் மூன்று கிலோமீட்டருக்குத் தூணே இல்லை. 28 பேர் பெட்டி, பதினொரு நிமிடத்தில் மறுகரை. பிரான்சில் 2003 முதல் லா பிளான், லே சார்க் என்ற இரு தலங்களை இணைக்கும் வான்வண்டி இரண்டடுக்கு கொண்டது. ஒரு தடவைக்கு 200 பேர்.

ஆனால் கருவி மட்டும் போதாது. காஷ்மீரின் குல்மார்கில் கேபிள் கார் 1998இல் கொங்டூரி வரையும், 2005இல் அபர்வத் மலைத்தோள் வரையும் நீண்டது. 2017 ஜூன் மாதம் பலத்த காற்றில் மரம் ஒன்று வடத்தின்மேல் சாய்ந்து ஏழு உயிர்கள் போயின. பெட்டியையும் பிடியையும் எவ்வளவு புதுப்பித்தாலும், பாதையோர மரங்களைக் கவனிக்கும் காவலரும், காற்று மீறினால் உடனே நிறுத்தச் சொல்லும் துணிவுள்ள அலுவலரும் இல்லாவிட்டால் பயனில்லை. வருமானம் குறையும் நாளிலும் நிறுத்துகிற பாதைதான் நம்பத்தக்க பாதை.

கெந்திங் போகிறவர்கள் பெட்டியில் ஏறுமுன் கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பார்க்கலாம். நிலைய வாயிலில் நெம்புகோல் அழுந்துவதும், பிடியின் வாய் வடத்தை விடுவதும், டயர்கள் ஒவ்வொன்றாக வேகம் தணிப்பதும் தெரியும். புறப்படும் பக்கத்தில் அதே வேலை தலைகீழாக நடக்கும். கவ்விய சத்தம் பெட்டிக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கும்.