மகாதமனியின் அளவு: எம்.ஆர்.ஐ. கணக்கை எவ்வளவு நம்பலாம்?

இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெருங்குழாய் மகாதமனி. வல்ல அல்லாஹ்வின் படைப்பில் இதுவும் ஓர் அற்புதமே. உயர் இரத்த அழுத்தம், பரம்பரைக் குறைபாடு முதலியவற்றால் இக்குழாய் புடைத்துவிடக்கூடும். கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. இதயத்தையொட்டி மேலெழும் பகுதியின் விட்டம் 5.5 சென்டிமீட்டரை எட்டினால், பொதுவாக அறுவை சிகிச்சையை மருத்துவர்கள் பரிந்துரைப்பர். ஆகவே, சில மில்லிமீட்டர்களும் இங்கே முக்கியமானவை.

எம்.ஆர்.ஐ. காந்தப் புலத்தைக் கொண்டு படமெடுப்பது. எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லாததால் மீண்டும் மீண்டும் எடுக்க ஏற்றது; அளவும் நம்பத்தக்கதே. ஆனால், குழாய்க்கு நேர்குறுக்காக அளக்க வேண்டும். சாய்வாக அளந்தால் வட்டம் நீள்வட்டமாகி அளவு கூடிவிடும். துடிப்புக்கேற்பக் குழாய் விரிந்து சுருங்கும். சுவரைச் சேர்த்து அளப்பதா, விட்டு அளப்பதா என்பதாலும் எண் மாறும். எனவே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டை உடனே வளர்ச்சி என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை.

உத்திரமேரூர் வட்டாரத்தார் ஒருமுறை காஞ்சிபுரம், மறுமுறை சென்னை என்று மாறாமல், இயன்றவரை ஒரே நிலையத்தில் பரிசோதிப்பது நலம். பழைய படங்களையும் உடன் கொண்டு சென்று, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடக் கேளுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் முன்னரே கூறிவிடுங்கள். நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற திடீர் வலி ஏற்பட்டால், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

முயற்சி நம்முடையது, ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ்வே.