வெயில் இல்லாத ஊரின் ஊறுகாய்

சமவெளியில் ஊறுகாய் போட முதல் தேவை வெயில். நார்த்தங்காயோ எலுமிச்சையோ, உப்பில் ஊறி மொட்டை மாடியில் சுள்ளென்று காய்ந்தால்தான் ஜாடிக்குள் வருடக்கணக்கில் தாங்கும். நீலகிரியில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? ஜூனில் தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் ஊட்டியையும் பிடித்துக்கொள்ளும். அது ஓய்ந்த கையோடு வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வந்து இறங்கும். மழை விட்டாலும் மூடுபனி விடாது. கீழிருந்து மாற்றலாகி வந்து, பாட்டி சொன்ன பக்குவம் மாறாமல் ஊறுகாய் போட்டவர்கள், ஜாடியைத் திறந்து பூசணம் கண்டு மனம் நொந்து போவார்கள். பாட்டியின் பக்குவத்தில் குறையில்லை. அது அவர் ஊர் வெயிலையும் சேர்த்துக் கணக்கிட்ட பக்குவம்.

மலைக்கு வேறு துணைகள் உண்டு: உப்பு, புளிப்பு, குளிர். இந்த மூன்றையும் நம்பிப் போடும் ஊறுகாயில் காய் குழையாது, நறுக்கென்று கடிபடும்.

தோட்டத்திலிருந்து ஜாடிக்கு

1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். ஐரோப்பியக் காய்கறிகள் இந்த மண்ணில் பரவியது அதன் பிறகுதான். இன்று மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் கூடும் ஊட்டி தாவரவியல் பூங்காவே, 1840-களில் ஐரோப்பியக் குடும்பங்களுக்குக் காய்கறி விளைவிக்கும் தோட்டமாகத் தொடங்கியதுதான். 1848-இல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் பொறுப்பேற்ற பின்னரே அது பூங்காவாக உருமாறியது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், டர்னிப், நூல்கோல் எல்லாம் மலைக்காய்கள் ஆகிவிட்டன. கேத்தி பாலாடா பக்கம் போனால், தோண்டிய கேரட்டை மண் போகக் கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையத்துக்கு லாரி ஏற்றுவதைப் பார்க்கலாம்.

மொறுமொறுப்பின் முதல் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. பிடுங்கிய நிமிடத்திலிருந்து கேரட் நீரை இழந்துகொண்டே இருக்கும். தழையை வெட்டாமல் வைத்தால் இன்னும் வேகமாக இழக்கும். துவண்ட காயை எந்த மசாலாவாலும் நிமிர்த்த முடியாது. மலைவாசிகளுக்குக் கிடைக்கும் வரம், அன்று பிடுங்கிய காய்.

கடல் கடந்து வந்தவர்களின் அச்சாறு

1964-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இலங்கையிலிருந்து லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் தாயகம் திரும்பினார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. 1976-இல் அது 'டான்டீ' கழகம் ஆனது. அந்த மக்கள் விட்டு வந்த நாட்டில் அச்சாறு என்றோர் ஊறுகாய் உண்டு. அங்குள்ள மலாய் மக்களின் சமையலில் பேர் பெற்றது. எண்ணெயும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். வினிகரில் அரைத்த கடுகும், ஈரம் போன காயும் போதும். நீலகிரியின் காய்க்கும் பருவத்துக்கும் இதைவிடப் பொருத்தமான ஊறுகாயை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

செய்முறை

கேரட் அரை கிலோ, பிஞ்சு பீன்ஸ் 150 கிராம், சின்ன வெங்காயம் கால் கிலோ, பச்சை மிளகாய் 100 கிராம். கேரட்டையும் பீன்ஸையும் விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். வெங்காயம் முழுதாக இருக்கட்டும்; மிளகாயைக் கீறினால் போதும். எல்லாவற்றையும் இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பில் பிசறி நான்கு மணி நேரம் வையுங்கள். ஊறி வரும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துணியில் பரப்பி ஈரம் ஒற்றி எடுங்கள்.

ஒன்றரை மேசைக்கரண்டி கடுகு, ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, பத்து மிளகு ஆகியவற்றை வினிகர் விட்டே அரையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. இரண்டு கப் வினிகரில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிட்டு, வெங்காயத்தையும் பீன்ஸையும் அரை நிமிடம் மட்டும் போட்டு எடுங்கள். வினிகர் நன்றாக ஆறியபின் விழுதைக் கலந்து, காய்களைச் சேர்த்து, கண்ணாடி ஜாடியில் காய் மூழ்கும்படி நிரப்புங்கள். மூன்றாம் நாள் சாப்பிடலாம். பிறகு ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள்.

ஏன் நறுக்கென்று இருக்கிறது?

காயின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அது கரைந்தால் காய் குழைந்துவிடும். முதலில் உப்பிடுவது காயின் நீரை இழுத்து, வினிகர் உள்ளே போக இடம் தருகிறது. சூடு அதிகமானால் பெக்டின் கரையும். அதனால்தான் வினிகரை ஆறவிட்டு ஊற்றுகிறோம். வெள்ளரியில் ஊறுகாய் போட்டால் பூ இருந்த முனையைச் சீவிவிட வேண்டும். காயை மென்மையாக்கும் என்சைம்கள் அங்கே அதிகம். திராட்சை இலையையோ ஒரு சிட்டிகைத் தேயிலையையோ ஜாடியில் போடுபவர்களும் இருக்கிறார்கள். அவற்றின் துவர்ப்புக்கு அந்த என்சைம்களை அடக்கும் குணம் உண்டு. தேயிலைக்கு நடுவே வாழ்கிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

குளிரும் நமக்காக உழைக்கிறது. முட்டைக்கோஸைச் சன்னமாக நறுக்கி, எடையில் நூற்றுக்கு இரண்டரை பங்கு உப்புப் போட்டுப் பிசைந்து அழுத்தி வைத்தால், வினிகர் இல்லாமலே புளித்து ஊறுகாயாகும். அதற்கு உகந்தது 18 டிகிரி அளவிலான வெப்பம். சென்னைச் சமையலறையில் அது சீக்கிரம் புளித்துத் தளர்ந்துவிடும். ஊட்டியில் நிதானமாக, சில வாரங்களில் பதமாகும்.

மலையில் கூடுதல் கவனம்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். எனவே ஜாடியைக் கொதிநீரில் போட்டுச் சுத்தப்படுத்த, கீழே 10 நிமிடம் போதுமென்றால் இங்கே 18 நிமிடமாவது வேண்டும். வினிகரில் தண்ணீர் கலக்கவே கூடாது. புளிப்பு குறைந்தால் உயிருக்கே ஆபத்தான நச்சுக் கிருமி வளர வழியுண்டு. புட்டியில் அமிலத்தின் அளவைப் படித்து வாங்குங்கள். 5 சதவீதம் நல்லது. மலைப்பூண்டு சில சமயம் வினிகரில் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். குளிரில் இருந்த பூண்டின் கந்தகச் சத்துகள் புளிப்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. பயப்படாமல் சாப்பிடலாம்.

மூத்த பெண்கள் அளவைக் கையால்தான் சொல்வார்கள். "ஒரு கை உப்பு", "காய் மூழ்குற அளவு" என்பார்கள். அந்தக் கை நம்மோடு இருக்கும்போதே, அடுத்த முறை அவர்கள் ஊறுகாய் போடுகையில் பக்கத்தில் ஒரு தராசை வையுங்கள். உப்பின் எடை, காயின் எடை, ஊர், மாதம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊரும் மாதமும் இல்லாத குறிப்பு பாதிக் குறிப்புதான். அந்த நான்கும் இருந்தால், எந்த ஊருக்குக் குடிபோனாலும் பேத்தி அதைத் தன் ஊருக்கேற்பத் திருத்திக்கொள்வாள்.