வீட்டிலேயே ஒரு பிராசஸர்: முதலில் பேப்பர், பிறகு சிப்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் என்னிடம் கேட்பது இதுதான்: "உள்ளே பிராசஸர் என்னதான் செய்கிறது? அதை நாமே செய்ய முடியுமா?" கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் கொண்ட இன்றைய பிராசஸரை வீட்டில் செய்ய முடியாது. ஆனால் கூட்டவும் கழிக்கவும் தெரிந்த குட்டிப் பிராசஸரை, பிரெட்போர்டில் சாதாரண சிப்களைச் செருகிச் செய்யலாம். 1971-ல் வந்த இன்டெல் 4004-ல் இருந்தவையே சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள்தான்.

கட்டளைப் பட்டியல்

சிப் வாங்கக் கிளம்பும் முன், உங்கள் பிராசஸருக்கு எந்தெந்தக் கட்டளைகள் புரிய வேண்டும் என்று பேப்பரில் எழுதுங்கள். ஐந்து போதும்: எடு, கூட்டு, கழி, காட்டு, நிறுத்து. ஆல்பர்ட் பால் மால்வினோ தன் பாடநூலில் விளக்கிய சாப்-1 கம்ப்யூட்டருக்கும் ஐந்தே கட்டளைகள்தான்.

ஒரு கட்டளைக்கு 8 பிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் 4 பிட் கட்டளையின் எண். அடுத்த 4 பிட் மெமரியில் இடத்தின் எண். 'கூட்டு' என்பதற்கு 0010 என்று நாம் பெயர் வைத்தால், 0010 1111 என்பதன் பொருள் "15-ம் இடத்தில் உள்ள எண்ணைக் கூட்டு". 4 பிட்டில் 16 எண்கள்தான் எழுத முடியும். ஆகவே மெமரியில் 0 முதல் 15 வரை 16 இடங்கள் போதும். இப்படிப் பட்டியலே மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும்.

தேவையான சிப்கள்

* அடுத்த கட்டளை எங்கே என்று எண்ண: 74எல்எஸ்161
* மெமரி: 74எல்எஸ்189 இரண்டு (பிட்கள் தலைகீழாக வெளிவரும், இன்வர்ட்டர் சிப் தேவை)
* எண்களைப் பிடித்து வைக்கும் ரிஜிஸ்டர்: 8 பிட்டுக்கு 74எல்எஸ்173 இரண்டு
* கூட்ட: 74எல்எஸ்283 இரண்டு, கழிக்க அதனுடன் 74எல்எஸ்86 இரண்டு
* கடிகாரத் துடிப்பு: 555 டைமர்

சப்ளை 5 வோல்ட்.

இவற்றை இணைக்கும் 8 வயர்களுக்கு 'பஸ்' என்று பெயர். எங்கள் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் எல்லா அறைகளும் நடுவில் உள்ள வளவைப் பார்த்தே திறக்கும். பஸ்ஸும் அப்படித்தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சிப்தான் அதில் எண்ணை வைக்கலாம். இரண்டு சேர்ந்து வைத்தால் எண் குழம்பும், சிப்பும் கெடலாம்.

யார் எப்போது வைப்பது?

இதைச் சொல்வது கன்ட்ரோல் பகுதி. திட்டமிடுவதில் கடினமானது இதுதான். 'கூட்டு' கட்டளைக்கு ஆறு துடிப்புகள் தேவை. முதல் மூன்றில் கட்டளை மெமரியிலிருந்து வந்து சேரும். இது எல்லாக் கட்டளைகளுக்கும் பொது. நான்காவதில் இடத்தின் எண் மெமரிக்குப் போகும். ஐந்தாவதில் எண் வரும். ஆறாவதில் கூட்டுத்தொகை ரிஜிஸ்டரில் ஏறும். ஐந்து கட்டளைகளுக்கும் இப்படி அட்டவணை போடுங்கள்.

பெரியவர்களும் இதே வழிதான்

சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசஸரும் ரிஸ்க்-வி என்ற கட்டளைப் பட்டியலை வைத்தே உருவானது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கிய அந்தப் பட்டியலை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். 2018-ல் 'சக்தி' சிப் ஒன்று சண்டிகர் அருகே மொகாலியில் 180 நானோமீட்டர் முறையில் தயாரானது.

உங்கள் அட்டவணையை 'லாஜிசிம்' என்ற இலவச சாப்ட்வேரில் வரைந்து, புதுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பாருங்கள். 14-ம் இடத்தில் 28, 15-ம் இடத்தில் 14 வைத்துக் கூட்டுங்கள். திரையில் 42 வந்த பிறகு சிப் வாங்கக் கிளம்பலாம்.